பழைய ஃபைபர் மோட்டார் படகு: பாலிஷ் போதுமா, மறுபூச்சுத்தான் வழியா?

ஆழியாற்றுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) பதினேழு அடி நீளமுள்ள ஃபைபர் மோட்டார் படகு ஒன்று நிற்கிறது. என் பெரியப்பா கொச்சியில் ஒருவரிடமிருந்து வாங்கியது. கட்டிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆண்டில் சில முறை டிரெய்லரில் ஏற்றிப் பாலக்காடு வழியாக வேம்பநாட்டுக் காயலுக்குக் கொண்டுபோய் ஓட்டிவிட்டு, அன்றோ மறுநாளோ திரும்பிவிடுவோம். மற்ற நாளெல்லாம் தென்னைகளுக்கு நடுவே திறந்த வெளியில், மேலே ஒரு நீலத் தார்ப்பாய் போர்த்தியபடி இருக்கும்.

எஞ்சினில் குறை ஒன்றுமில்லை. வண்ணம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கவாட்டு முழுவதும் கருநீலம். இப்போது அது வெளிறி, கையால் தடவினால் சுண்ணாம்பு அடித்த சுவரைத் தொட்டதுபோல் மாவாக ஒட்டிக்கொள்கிறது. முன்மூக்குப் பகுதியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஏடு ஏடாக உரிந்து, அடியில் இன்னொரு நீலம் தெரிகிறது. கயிறு கட்டும் கொக்கியைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன. அடிப்பகுதியில் டிரெய்லர் உருளை உரசிய கீறல்கள் நீளமாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டில் கண்ணாடி நார் வெளியே தெரிகிறது.

கோயம்புத்தூரில் கார் பெயின்ட் கடையில் விசாரித்தபோது, முழுவதும் தேய்த்துவிட்டு மேலே அடித்துவிடலாம் என்றார்கள். அடிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன, உரிந்த இடத்தை மட்டும் டச்சப் செய்தால் நிறம் சேருமா, செய்து முடித்த பிறகு இந்த வெயிலில் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொச்சிவாசி எழுதியது:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் அவிநாசி. பிழைப்பு கொச்சியில், படகு பழுது பார்க்கும் யார்டில். நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்கள் படகில் ஒரே நோய் இல்லை, மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. அவற்றை ஒரே பெயின்டால் மூடிவிட நினைத்தால் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது.

முதலில் மேலே இருப்பது ஜெல்கோட்டா, பெயின்டா என்று தெரிய வேண்டும். ஃபைபர் படகு வார்க்கும்போது அச்சுக்குள் முதலில் அடிப்பது ஜெல்கோட். நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின்தான் அது. அது இறுகத் தொடங்கிய பிறகே கண்ணாடி நார் விரிப்பை (மேட்) ரெசினோடு படிய வைப்பார்கள். அச்சிலிருந்து கழற்றும்போது அதுவே வெளித்தோலாகிவிடுகிறது. அதன் தடிமன் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பெயின்ட் மூன்று கோட் அடித்தாலும் அதில் கால்வாசிதான் வரும். ஆகவே முன்மூக்கில் ஏடாக உரிவது நிச்சயம் பெயின்ட். அதற்கு அடியில் தெரியும் நீலமே உங்கள் படகின் அசல் ஜெல்கோட். முன்பு வைத்திருந்தவர் முன்பகுதியை மட்டும் அடித்தாரா, முழுவதும் அடித்தாரா என்பதைத்தான் இப்போது கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல தின்னரை வெள்ளைத் துணியில் நனைத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சற்று நேரம் அழுத்தி வைத்துத் துடையுங்கள். துணியில் நிறம் வழுக்கிக்கொண்டு வந்து, பரப்பும் பிசுபிசுத்தால் அது சாதாரண ஒற்றை டப்பா பெயின்ட். மாவு மட்டும் வந்து, பரப்பு கெட்டியாகவே இருந்தால் ஜெல்கோட்டாகவோ ஹார்ட்னர் (இறுக்கும் திரவம்) கலந்து அடித்த இரண்டு டப்பா பெயின்டாகவோ இருக்கலாம். அப்போது கீறல் ஒன்றின் குறுக்குவெட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒரே நிறம் ஆழமாகப் போனால் ஜெல்கோட், கோடு கோடாக அடுக்குத் தெரிந்தால் பெயின்ட். வெளிறிய இடத்தில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் நல்லது. ஈரத்தில் பழைய கருநீலம் திரும்புகிறதென்றால் செத்திருப்பது மேல்தோல் மட்டுமே, உள்ளே நிறம் உயிரோடு இருக்கிறது.

பக்கவாட்டு ஜெல்கோட்தான் என்று தெரிந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். மாவு படிவது சூரியனின் புற ஊதாக் கதிர் ரெசினை அரித்ததால் வருவது. அந்தச் செத்த அடுக்கை எடுத்தால் போதும். சோப்பு நீரில் கழுவி, பழைய மெழுகைத் தின்னரால் துடைத்து எடுத்த பிறகு, 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மெழுகை எடுக்காமல் தேய்த்தால் தேய்க்கும் தாளே அதைக் கீறலுக்குள் ஊட்டிவிடும். பின்னால் எது பூசினாலும் ஒட்டாது. தேய்த்த பிறகு காம்பவுண்ட் (நுண்ணிய தூள் கலந்த தேய்ப்புப் பசை), அதன் பிறகு மெல்லிய பாலிஷ், கடைசியில் கார்னோபா (ஒரு பனை இலை மெழுகு) கலந்த மெழுகு. பாலிஷ் மெஷினைக் குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். முனைகளிலும் மடிப்புகளிலும் ஜெல்கோட் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே கையால் மட்டும் செய்வது நல்லது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் ஜெல்கோட் என்ற கைமுதலிலிருந்துதான் செலவழிக்கிறோம். ஆண்டுதோறும் காம்பவுண்ட் போடுகிறவர்களின் படகில் ஒரு நாள் நார் பல்லிளிக்கும்.

கொக்கியைச் சுற்றிய வெடிப்பு வண்ணக் கோளாறே அல்ல. அந்த இடம் இழுபடும்போது வளைகிறது. ஜெல்கோட் வளையாது என்பதால் வெடிக்கிறது. உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள், நட்டுக்கு அடியில் சின்ன வாஷர் மட்டும்தான் இருக்கும். அதற்குப் பதிலாக உள்ளங்கை அளவில் அலுமினியத் தகடோ துருப்பிடிக்காத இரும்புத் தகடோ கொடுத்து இறுக்காமல் மேலே எத்தனை முறை பூசினாலும் அதே கோடுகள் அதே இடத்தில் திரும்ப வரும். தகடு போட்ட பின், ஒவ்வொரு வெடிப்பையும் கூர்முனையால் ஆங்கில ‘வி’ வடிவத்தில் சற்று அகலப்படுத்தி, ஜெல்கோட் நிரப்புங்கள்.

நார் தெரியும் கீறல்களை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அந்த நார் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும். நன்றாகக் காயவிட்டு, ரெசினும் மெல்லிய மேட்டும் கொடுத்து, அதன் மேல் ஜெல்கோட். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசினுக்குப் பாலியெஸ்டர் மேல் நல்ல பிடிப்பு உண்டு, ஆனால் எபாக்ஸி பட்டியின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் பூசினால் நம்ப முடியாது. எபாக்ஸியால் அடைத்த இடத்துக்குப் பெயின்ட்தான் மேல்பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெல்கோட்டை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் ஊர் வெயிலில் அதிகம் ஊற்றினால் கரண்டியை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். காற்றுப் படும் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். அதனால் மெழுகுக் கரைசல் கலந்த வகையை வாங்குங்கள், அல்லது பூசியவுடன் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் காற்றை மறையுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் தொட வேண்டாம். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டர் தனியாகக் கொடுத்திருந்தால் அதைக் கேட்டலிஸ்டோடு நேரடியாக ஒருபோதும் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றை முதலில் ரெசினில் முழுவதும் கலக்கிவிட்டுத்தான் மற்றதை ஊற்ற வேண்டும்.

நிறம் சேருமா என்று கேட்டீர்கள். படகின் பக்கத்தில் பழைய பெயர் ஸ்டிக்கரோ எண்ணோ ஒட்டியிருந்தால் ஒரு மூலையை உரித்துப் பாருங்கள். வெயில் படாத அசல் நீலம் அங்கே இருக்கும். பாலிஷ் போட்ட பிறகு மீதிப் பரப்பும் அதை நெருங்கும் என்பதால், நிறம் கலக்குவதைப் பாலிஷுக்குப் பிறகு வைத்துக்கொள்வதே சரி. வெளிறிய பரப்பைப் பார்த்துக் கலக்கினால், பாலிஷ் முடிந்ததும் டச்சப் மட்டும் வெளுப்பாக நிற்கும்.

கரூர் பெயின்டர் எழுதியது:

தம்பி, நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். படகு அடித்துப் பழக்கம் குறைவுதான், ஆனால் ஃபைபர் பம்பரும் முன்முகமும் தினமும் கைக்கு வருவதால் பரப்பும் பெயின்டும் நமக்குப் புதிதல்ல. கொச்சி நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பக்கவாட்டில் பெயின்ட்தான் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒற்றை டப்பா பெயின்டின் மேல் இரண்டு டப்பா பாலியூரித்தேன் பெயின்ட் அடிக்கவே கூடாது. அதிலுள்ள தின்னர் கீழே இருப்பதைச் சுருக்கித் தூக்கிவிடும். மொத்தமும் தவளைத் தோல் மாதிரி ஆகும். பழையதை முழுவதும் எடுக்க வேண்டும். அதற்காகக் கடையில் விற்கும் பெயின்ட் ரிமூவரை ஊற்றிவிடாதீர்கள். இரும்புக்கு அது சரி, ஃபைபரில் ஜெல்கோட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். சுரண்டியால் எடுத்துவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்த்து, இரண்டு டப்பா எபாக்ஸி பிரைமர் கொடுத்து, அதை 400இல் தேய்த்த பிறகு மேல்கோட்.

கார் பெயின்ட் கடையில் கொடுப்பது அநேகமாக அக்ரிலிக் பாலியூரித்தேன். நீர்மட்டத்துக்கு மேலே அது நன்றாகவே உழைக்கும். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் அதை அடித்தால் கொப்புளம் கிளம்பும். உங்களுடையது டிரெய்லரில் வாழும் படகு என்பதால் அந்தக் கவலை குறைவு. படகுக்கென்றே விற்கும் பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனுக்கு மினுமினுப்பு அதிகம், ஆயுளும் அதிகம். ஆனால் அதன் மேல் பின்னாளில் காம்பவுண்ட் போட முடியாது. மேலே இருக்கும் பளபளப்பான ரெசின் அடுக்குப் போய்விட்டால் மங்கல்தான். அக்ரிலிக் வகையைத் தேய்க்கலாம், பாலிஷ் போடலாம், சின்ன இடத்தை டச்சப் செய்து ஓரத்தைக் கரைத்துவிடலாம். டிரெய்லரில் ஏறி இறங்கி அடிபடும் படகுக்கு நான் அக்ரிலிக்கைத்தான் சொல்வேன்.

கருநீலத்தில் நடுப்பரப்பில் ஒட்டுப் போட்டால் எந்தக் கொம்பனாலும் முழுவதும் மறைக்க முடியாது. மடிப்பு, பட்டைக்கோடு, ரப்பர் பீடிங் என்று இயல்பாக முடியும் ஓர் எல்லை வரைக்கும் டேப் ஒட்டி அந்தப் பகுதியை முழுவதும் அடித்துவிடுங்கள். உங்கள் முன்மூக்குக்கும் அதுதான் வழி.

இனி முக்கியமானது நாளும் நேரமும். வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சிப் பக்கம் சும்மா விடாது. திறந்த வெளியில் அடித்தால் தூசியும் தென்னம்பூவும் பெயின்டில் பதிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசிதான் நமக்கு ஏற்ற காலம், ஆனால் அப்போது விடியற்காலைப் பனி உண்டு. பரப்பின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காலையில் பனி காய்ந்த பிறகு நிழலில் தொடங்கி, மதியத்துக்குள் கடைசிக் கோட்டை முடித்துவிட்டால் மாலைக்குள் தொடும் பதத்துக்கு வந்துவிடும். சாயங்காலம் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் பளபளப்பு மங்கிப் பால் படர்ந்து கிடக்கும். பங்குனி, சித்திரையில் அடிப்பதென்றால் மெதுவாகக் காயும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் தூவல் பரப்பில் படிவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும்.

தனியாள் சாளையில் ஸ்ப்ரே கன் வைத்து அடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. தூவலாக மூச்சில் போனால் ஆஸ்துமாவே நிரந்தரமாகிவிடும். துணி மாஸ்க் அதற்குக் கணக்கே இல்லை. பட்டறையில் வெளியிலிருந்து காற்றுக் குழாய் வரும் முகமூடி போட்டுத்தான் அடிக்கிறோம். நீங்கள் இருவராக நின்று, ஒருவர் நுரை ரோலரில் மெல்லியதாக உருட்ட, மற்றவர் உடனே பின்னால் நல்ல மயிர்த் தூரிகையின் நுனியால் லேசாக இழுத்துக்கொண்டே வந்தால், ரோலரின் புள்ளிகள் படிந்து ஸ்ப்ரே அடித்ததற்கு நிகராக வரும். அப்போதும் கையுறையும், ரசாயன ஆவியைத் தடுக்கும் கரி ஃபில்டர் மாஸ்க்கும் கட்டாயம். இரண்டு கோட்டுக்கு நடுவில் எத்தனை மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருப்பதை மீறாதீர்கள். அது தாண்டிவிட்டால் திரும்பத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது.

நொய்யல்கரை எழுதியது:

மேலே இருவரும் பூசுவதைப் பற்றி நிறையவே சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது, அந்த நீலத் தார்ப்பாய்தான் உங்கள் படகின் பெரிய எதிரி என்பது. அது பரப்போடு ஒட்டிக் கிடந்தால் இரவு ஈரம் உள்ளே அடைபட்டு, பகலில் வெயிலில் அவிகிறது. பெயின்ட் கொப்புளிப்பதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும்போது, மேலே படிந்த செம்மண் தூசி உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. நான்கு கம்பம் நட்டு மேலே தகரமோ நிழல்வலையோ போட்டு, பக்கவாட்டைக் காற்றோட்டமாக விடுங்கள். தார்ப்பாய்தான் வேண்டுமென்றால் நடுவில் வளைவு கொடுத்து, படகைத் தொடாமல் கட்டுங்கள். தென்னைக்கு அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். மட்டையும் நெற்றும் விழுவது ஒரு பக்கம். காக்கை எச்சம் காய்ந்தால் மெழுகைத் துளைத்துக்கொண்டு நிறத்தில் வடு விழுந்துவிடும்.

காயலிலிருந்து திரும்பியதும் கழுவுவீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதும் முக்கியம். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கடினமானது. வெயிலில் கழுவித் துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகக் காய்ந்து, கருநீலத்தின் மேல் பளிச்சென்று தெரியும். ஆற்றுத் தண்ணீர்க் குழாயோ சேர்த்துவைத்த மழைநீரோ இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது அதைப் பயன்படுத்துங்கள். வட்டம் விழுந்துவிட்டால் சுரண்ட வேண்டாம். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசிவிட்டு மெழுகைப் புதுப்பியுங்கள். பாத்திரம் தேய்க்கும் பொடி, சலவை சோடா எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. மெழுகை ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைக்கு முன்பும் காற்றுக்காலத்துக்கு முன்பும் பூசினால் காம்பவுண்டைத் தொடும் தேவையே ஆண்டுக்கணக்கில் வராது. புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அது முழுவதும் இறுகும் வரை மெழுகும் மூடாக்கும் வேண்டாம்.

ஆழியாற்றுக்காரன் எழுதியது:

அண்ணன்மார் மூவருக்கும் நன்றி. சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் தின்னர் துணியில் மாவு மட்டுமே வந்தது, தண்ணீர் தெளித்தால் கருநீலம் திரும்புகிறது, பின்பக்க எண் ஸ்டிக்கரின் ஓரத்தை உரித்தால் அடியில் அதே நீலம்; ஆகவே அங்கே ஜெல்கோட்தான். முன்மூக்கில் துணி முழுவதும் நீலமாகிப் பரப்பும் பிசுபிசுத்தது. கொக்கிக்கு அடியில் கையை விட்டேன், எட்டணா அளவு வாஷர்தான் இருக்கிறது. முன்மூக்கில் இருக்கும் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஜெல்கோட் நன்றாக இருந்தால் பாலிஷோடு விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். அடிப்பகுதியில் நீர்மட்டத்துக்குக் கீழே செங்காவி நிறத்தில் தடித்த பூச்சு ஒன்று இருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டுமா? எஞ்சினின் கீழ்க்காலிலும் பெயின்ட் போய் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. அதையும் இதே நீலத்தில் அடித்துவிடலாமா?

கொச்சிவாசி எழுதியது:

செங்காவிப் பூச்சு, பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்க அடிக்கும் நச்சுப் பெயின்ட். தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குத்தான் அது தேவை. ஒரு நாள் ஓட்டிவிட்டுத் தரைக்கு வந்துவிடும் உங்கள் படகுக்கு வேண்டியதில்லை, ஆகவே புதுப்பிக்க வேண்டாம். எடுப்பதாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்துப் பூச்சுகளில் வெள்ளீயச் சேர்மம் கலந்தவை உண்டு. கடலுயிர்களுக்கு அது விளைவித்த கேட்டினால் 2001ஆம் ஆண்டு சர்வதேச உடன்பாடு வந்து, 2008 முதல் நடைமுறையில் தடையாகிவிட்டது. உங்கள் படகின் வயதுக்கு அடி அடுக்கில் அது இருக்கவும் கூடும். அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். தண்ணீர் விட்டுத் தேய்த்து, அந்தக் கழிவு தென்னைப் பாத்திக்கோ வாய்க்காலுக்கோ போகாமல் கீழே பிளாஸ்டிக் விரித்துச் சேர்த்து எடுங்கள்.

எஞ்சின் கால் அலுமினியம். வெள்ளைப் பொடி அதன் துரு. கம்பித் தூரிகையால் தேய்க்காமல் உப்புத்தாளால் எடுத்துவிட்டு, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ கொடுத்து, எஞ்சின் நிறத்திலேயே அடியுங்கள். தாமிரம் கலந்த எந்தப் பூச்சும் அதன் அருகில் வரக் கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். புரொப்பெல்லருக்கு மேலே சின்னக் கட்டியாகத் திருகியிருக்கும் அனோடு, எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே வைத்தது. அதன் மேல் ஒரு சொட்டுப் பெயின்ட்கூடப் படாமல் டேப் ஒட்டிவிடுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். காயலின் உவர்நீருக்கு அலுமினிய அனோடு பொருந்தும்.

கரூர் பெயின்டர் எழுதியது:

டிரெய்லரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடியில் கீறல் விழுந்தது உருளையால் என்றால், படகைச் சரிசெய்துவிட்டு அதே உருளையில் ஏற்றினால் செய்த வேலை அத்தனையும் வீண். ரப்பர் வெடித்து இரும்பு தெரிகிறதா, உருளை சுற்றாமல் இறுகிவிட்டதா என்று பாருங்கள். கார்ப்பெட் சுற்றிய பலகையாக இருந்தால் அதில் காயல் உப்பும் மணலும் ஊறியிருக்கும். படகைக் கழுவும்போது அதையும் சேர்த்து அலசுங்கள். முன்மூக்கில் பெயின்டை எடுக்கும்போது சுரண்டியின் இரு முனைகளையும் அரத்தால் கொஞ்சம் உருட்டிக்கொண்டால் ஜெல்கோட்டில் புதுக் கோடு விழாது.